விலை உயர்ந்த ஆடியோ கேபிள்களும் 'சவுண்டைத் தூக்கும்' சாமான்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வாங்கி வீட்டில் வைத்த மறுநாளே அடுத்த செலவு கதவைத் தட்டும். மீட்டர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள், லட்ச ரூபாய்க்குப் பவர் கார்டு, கேபிளைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தப் பீங்கான் கால்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதற்கான பதில்கள் இவை. ஒவ்வொன்றிடமும் கேட்பது ஒரே விஷயம்தான்: இது எந்த அளவை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது, அந்த மாற்றம் காதுக்கு எட்டுமா?

ஸ்பீக்கர் ஒயர் எவ்வளவு தடிமன் இருந்தால் போதும்?

ஸ்பீக்கர் ஒயரில் கணக்குக்கு வருவது பெரும்பாலும் மின்தடை மட்டுமே. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மீட்டருக்கு சுமார் 0.017 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 5 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் செம்பு என்று கணக்கிடுங்கள்.

0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்: 0.23 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு சுமார் 0.25 டெசிபல்.
1.5 ஸ்கொயர்: 0.115 ஓம், சுமார் 0.12 டெசிபல்.
2.5 ஸ்கொயர்: 0.07 ஓம், 0.08 டெசிபலுக்கும் கீழே.

ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கர் இம்பிடன்ஸில் (ஆடியோ மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பழைய, நம்பகமான விதி. 8 ஓமுக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். பெட்டியில் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் சுருதிக்குச் சுருதி மாறும், சில இடங்களில் 4-5 ஓம் வரை இறங்கும். ஒயர் மிக மெல்லியதாக இருந்தால் அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அமுங்கும். ஸ்பீக்கர் கேபிள் ஒலியை மாற்றுகிறது என்பதில் உண்மை இருக்கிற ஒரே முக்கிய வழி இதுதான். ரெண்டரை ஸ்கொயர் போட்டால் அதுவும் தீர்ந்தது. ஹாலுக்குள் 10 மீட்டர் வரை, 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலும், 2.5 ஸ்கொயர் தாராளம்.

எலக்ட்ரிக்கல் கடையில் 'ரெண்டு கோர் ஃபிளெக்சிபிள்' என்று கேட்டால் கிடைக்கும் ஒயரே போதும். முனைகளைச் சீவும்போது ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். முறுக்கி, ஃபெரூல் (முனையை மூடும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்கள், அல்லது பனானா பிளக் மாட்டுங்கள். வலது இடது இரண்டிலும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறிப் போனால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்துபோகும். 'புது கேபிள் போட்டதும் சவுண்டு திறந்துகொண்டது' என்று சொல்லப்படுவதில் சில, பழைய இணைப்பில் இருந்த இந்தத் தவறு சரியானதால் வந்தவையாக இருக்கலாம்.

மலிவு ஒயரில் ஏமாற்று எதுவும் இல்லையா?

இருக்கிறது. சிசிஏ எனப்படும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதே தடிமனில் செம்பைவிட சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் தடை, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சிசிஏ. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, பயமில்லை. காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. சுருளைக் கையில் எடுத்தாலே தெரியும்: சிசிஏ சந்தேகப்படும்படி லேசாக இருக்கும். சிசிஏதான் கிடைக்கிறது என்றால் ஒரு அளவு தடிமன் கூட்டி வாங்குங்கள், அது போதும்.

வெள்ளி ஒயர்? ஆக்சிஜன் நீக்கிய செம்பு?

வெள்ளி செம்பைவிட சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பை 6 சதவீதம் கூட்டினால் அதே பலன். ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் கடத்துதிறனில் வித்தியாசம் 1 சதவீதம் அளவே. ஒயரை அரை அடி குறைத்து வெட்டினால் அதைவிட அதிகம் மிச்சம்.

வெள்ளி 'பளிச்சென்று' ஒலிக்கும், செம்பு 'இதமாக' ஒலிக்கும் என்பதெல்லாம் உலோகத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது.

ஸ்கின் எஃபெக்ட் என்று சொல்கிறார்களே?

உண்மையான விளைவுதான். அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு நகரும். ஆனால் 20 கிலோஹெர்ட்ஸில், அதாவது இளவயதுக் காதின் உச்ச எல்லையில், செம்பில் மின்னோட்டம் பெரும்பாலும் ஓடும் மேற்பரப்பின் ஆழம் சுமார் 0.47 மில்லிமீட்டர். நாம் பயன்படுத்தும் தடிமனுக்கு இதனால் வரும் கூடுதல் தடை மிகச் சிறியது. மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணமான இண்டக்டன்ஸும் அப்படியே. 5 மீட்டர் சாதாரண இரட்டை ஒயரில் சுமார் 3 மைக்ரோஹென்றி இருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் 8 ஓம் சுமையோடு கணக்குப் போட்டால் இழப்பு டெசிபலில் நூறில் ஒரு பங்கு. விற்பவர் விளைவின் பெயரைச் சொல்வார், அளவைச் சொல்ல மாட்டார். பெயரைக் கேட்டதும் அளவைக் கேளுங்கள்.

வலது இடது ஒயர்கள் ஒரே நீளம் இருந்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு மின்சமிக்ஞை தாமதமாவது சுமார் 5 நானோசெகண்ட். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 2 மைக்ரோமீட்டர்கூட நகராது. நாற்காலியில் சற்று சாய்ந்து உட்கார்ந்தாலே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மாறும்.

தங்க முலாம் பூசிய பிளக்?

தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி. அதன் நன்மை ஒன்றே: துருப்பிடிக்காது, களிம்பு ஏறாது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது நிஜமான நன்மை. அங்கே நிக்கல் பிளக் ஓரிரு வருடத்தில் பச்சையாகி, ஒரு பக்கம் கரகரத்து, ஆட்டினால் சரியாகும் நிலைக்கு வரும். ஆனால் தங்க முலாம் பூசிய சாதாரண ஆர்சிஏ கேபிள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செட்டை அணைத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினால் நிக்கலும் நன்றாகவே ஓடும்.

ஆப்டிகல் கேபிளின் முனையில் தங்கம் பூசி விற்பவர்களும் உண்டு. ஒளி செல்லும் கேபிளுக்குத் தங்கம் எதற்கு என்று கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, நெட்வொர்க் கேபிள்களில் தரம் ஒலியை மாற்றாதா?

டிஜிட்டல் கேபிள் கெட்டால் அது கெடும் விதம் வேறு. யுஎஸ்பி ஆடியோவில் தகவல் தவறினால் 'டிக்' என்று சொடுக்கும், அல்லது ஒலி விட்டு விட்டு வரும். எச்டிஎம்ஐ என்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் கறுத்து மீளும். 'பேஸ் இறுக்கமானது', 'பின்னணி கறுப்பானது' என்ற மாதிரி மாற்றங்கள் வர வேண்டுமானால் பிழைகள் இசையை அறிந்து, ஒழுங்காக, பேஸை மட்டும் பார்த்து விழ வேண்டும். அப்படி விழ வழியில்லை.

2008-இல் டெனான் நிறுவனம் ஏகே-டிஎல்1 என்ற 1.5 மீட்டர் கேபிளை 499 டாலருக்கு விற்றது. அது இரு சாதனங்களை இணைக்கும் ஈதர்நெட் வகைக் கேபிள். சமிக்ஞை எந்தத் திசையில் போக வேண்டும் என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தது. ஈதர்நெட்டில் தகவல் இரு பக்கமும் போகும். அமேசானில் அந்தக் கேபிளுக்கு வந்த கேலி விமர்சனங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை எளியவை. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 4கே 60 படத்துக்கு எச்டிஎம்ஐயில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' சான்று முத்திரை உள்ளதை வாங்குங்கள், பெட்டியில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டம் இருக்கும். அதற்கு மேல் கொடுக்கும் காசு உறைக்குப் போகிறது.

ஆடியோவுக்கென்றே தயாரித்த நெட்வொர்க் ஸ்விட்ச்?

இதை வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஸ்ட்ரீமரில் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஓட்டும் சாதனம்) பாட்டு ஓடும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பல ஸ்ட்ரீமர்கள் முன்கூட்டியே சேமித்து வைத்ததைக் கொண்டு சில விநாடிகளாவது, சில சமயம் முழுப் பாட்டும், தொடர்ந்து பாடும். கேபிளே இல்லாத அந்த விநாடிகளில் ஒலி மாறியதா? மாறாவிட்டால், ஸ்விட்சும் கேபிளும் எதைச் செய்துகொண்டிருந்தன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

பவர் கார்டு மாற்றினால் பேஸ் கூடுமா?

கூடாது. 1 ஸ்கொயர் செம்பில் 1.5 மீட்டர் பவர் கார்டின் தடை போக வர சுமார் 0.05 ஓம். ஆம்ப் 2 ஆம்பியர் இழுத்தால் 0.1 வோல்ட் இழப்பு. அதே நேரம் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் வீட்டு மின்சாரம் பல வோல்ட் இறங்கும், ஆம்ப் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 230 வோல்ட் உள்ளே வந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் இறக்குகிறது, ரெக்டிஃபையர் நேராக்குகிறது, ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் நிரவுகிறது. ஒலி உருவாவது அந்தக் கப்பாசிட்டருக்கு இந்தப் பக்கம்.

'கடைசி ஒன்றரை மீட்டர்தான் முக்கியம், ஆம்ப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் முதல் ஒன்றரை மீட்டர்' என்பது விற்பனையாளர்களின் பிடித்தமான வாதம். கேட்க அழகாக இருக்கும். அந்தக் கார்டை மாட்டி, ஆம்ப்பின் அவுட்புட்டில் இரைச்சலையும் டிஸ்டார்ஷனையும் அளந்து, மாற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் என் செட்டில் வரும் 'ஹ்ம்ம்' இரைச்சல்?

அது நிஜம். விலை உயர்ந்த கார்டால் தீராது. பெரும்பாலும் எர்த் லூப்: இரண்டு சாதனங்கள் இரண்டு வழிகளில் எர்த்தைத் தொட்டு, இடையில் ஆடியோ கேபிளின் ஷீல்டு வலையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. படிப்படியாகத் தேடுங்கள்.

முதலில் ஆம்ப்பின் எல்லா இன்புட்டையும் கழற்றுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் கோளாறு ஆம்ப்புக்குள், பெரும்பாலும் வயதான ஃபில்டர் கப்பாசிட்டர். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது திரும்புகிறதோ அதுதான் வழி. வழக்கமாகப் பிடிபடுவது கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸ், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், சார்ஜர் மாட்டிய லேப்டாப்.

செட்-டாப் பாக்ஸ் என்றால் கேபிள் ஆபரேட்டர் தரும் தடித்த கோஆக்ஸ் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அந்த ஒயரில் ஒரு கால்வனிக் ஐசலேட்டர் (சமிக்ஞையை விட்டுவிட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்ன இணைப்பு) போடலாம். டிஷ் ஆண்டெனா வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற வாங்கிக்கு அதே ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது, ஐசலேட்டர் அதைத் தடுத்துவிடும். அவர்கள் டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுவது சுத்தமான வழி. ஒளியில் எர்த் கிடையாது, லூப்பும் கிடையாது.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதில் நின்றால் ஆப்டிகல், அல்லது யுஎஸ்பி ஐசலேட்டர். ஆர்சிஏ லைனில் போடும் சின்ன ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்யும், ஆனால் மிக மலிவானவை பேஸை அரித்துவிடும்.

எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே எர்த்தில் மாட்டுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு 'இரைச்சல் நின்றது' என்று மகிழ வேண்டாம். உள்ளே ஒரு ஒயர் கழன்று பெட்டியைத் தொட்டால், பெட்டியைத் தொடுபவர் கதி அதோகதி. சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது.

மின்வெட்டின்போது மட்டும் 'ஸ்ர்ர்' என்று வந்தால் காரணம் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதன் கூர்மையான விளிம்புகள் டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஊடுருவும். சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர், இடி மின்னல் மிகுந்த ஊர் என்றால் சர்ஜ் புரொடெக்டர். இரண்டும் உங்கள் சாதனத்தைக் காக்கும். ஒலியைக் கூட்டாது, கூட்டும் என்று நேர்மையான கடைக்காரர் சொல்லவும் மாட்டார்.

ஃபியூஸுக்குத் திசை உண்டு என்கிறார்களே?

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதன் வழியில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸைத் திருப்பி மாட்டினால் எந்தத் திசைக்கு நன்மை?

பச்சைப் பேனா, கல், கடிகாரம் எல்லாம் என்ன?

சிடி விளிம்பில் பச்சை மார்க்கரால் கோடு போட்டால் சிதறும் லேசர் ஒளி அடங்கி ஒலி தெளியும் என்று 1990-களில் ஒரு நம்பிக்கை ஓடியது. சிடி லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதோடு சிடியின் பிழைதிருத்தம் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறலையே முழுமையாகச் சரிசெய்துவிடும். பேனாவுக்கு அங்கே வேலை இல்லை.

அதே காலத்தில், சுவரில் செருகினால் வீட்டு மின்சாரத்தின் 'எலக்ட்ரான்களைச் சீர்படுத்தும்' டைஸ் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்குச் சாதாரண டிஜிட்டல் கடிகாரம். இங்கிலாந்தில் ஆடியோ சாமான்கள் விற்ற பீட்டர் பெல்ட் இன்னும் துணிந்தவர். புகைப்படத்தை ஃபிரீசரில் வைத்தால் அறையின் ஒலி மேம்படும் என்றார். கண்ணாடிக் குப்பியில் அடைத்த கூழாங்கற்கள் 'பிரில்லியண்ட் பெப்பிள்ஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டன. நம் ஊரில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்துக் கட்டுவது எவ்வளவோ சிக்கனம்.

கேபிள் 200 மணி நேரம் 'பழக' வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

ஸ்பீக்கரின் ரப்பர் ஓரமும், கூம்பைத் தாங்கும் துணி வளையமான ஸ்பைடரும் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும், அதை அளக்கவும் முடியும். கேபிளில் தளர எதுவும் இல்லை. தினம் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி என்பது இரண்டு மாதத்துக்கு மேல். கடையின் திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் பழகுவது நம் காது.

ஆனால் வித்தியாசத்தை என் காதால் கேட்டேனே!

கேட்டிருப்பீர்கள், பொய்யில்லை. காரணம் கேபிளா என்பதுதான் கேள்வி. பழைய பிளக்கைக் கழற்றி மாட்டும்போது களிம்பு உரசி நீங்கியிருக்கலாம். வால்யூம் குமிழ் ஒரு துளி நகர்ந்திருக்கலாம். அரை டெசிபல் கூடினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'தெளிவாக இருக்கிறது', 'உயிரோட்டமாக இருக்கிறது' என்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது தலை ஒரு சாண் தள்ளியிருந்தாலும் உயர் சுருதிகள் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், எழுபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று ஒப்புக்கொள்ள மனது இடம் கொடுக்காது. இதில் படித்தவர், படிக்காதவர், ஒலிப்பதிவு இன்ஜினியர் என்ற பேதம் இல்லை.

கடை டெமோவில் இன்னொன்று: விலை கூடியது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் வரும். அதே பாட்டை இரண்டாம் முறை கேட்கும்போது முதலில் கவனிக்காத சங்கதிகள் காதில் விழுவது இயல்பு. வரிசையை மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் நேர்மையான சோதனை செய்வது எப்படி?

தேவை: ஒரு நண்பர், ஒரு நாணயம், ஒரு மல்டிமீட்டர், ஒரு திரைச்சீலை, இரண்டு தாள்.

சத்த அளவைச் சமன் செய்வதிலிருந்து தொடங்குங்கள். போனில் 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சீரான டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளவிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும். முதல் கேபிளில் 2.00 வோல்ட் என்றால் இரண்டாவதில் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்க வேண்டும். 0.1 டெசிபலுக்குள் அடங்கும் அளவு அது. இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண். கேபிள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

நண்பர் திரைக்குப் பின்னால். ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஏ, தலை விழுந்தால் பி. அவர் தன் தாளில் எழுதிக்கொள்வார், வாய் திறக்கக் கூடாது. ஒரே கேபிள் மறுபடி வந்தாலும் கழற்றி மாட்டும் சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். நீங்கள் உங்கள் தாளில் ஏ அல்லது பி என்று எழுதுங்கள். 15 விநாடித் துண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில விநாடிதான் நிற்கும். அதனால் கையால் மாற்றுவதைவிட ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி வழியாகச் சட்டென்று மாற்றுவது உங்களுக்கே சாதகம்.

16 சுற்று. 12 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் நான்கு வாய்ப்புதான். அப்போது அளவை மறுபடி சரிபார்த்து இன்னொரு 16 சுற்று ஓட்டுங்கள். 7, 8, 9 என்றால் ஊகம். நடுவில் தாள்களை ஒப்பிடுவதும், 'நல்லா வருது' என்ற இடத்தில் நிறுத்திக்கொள்வதும் ஆகாது.

இசைக் கோப்புகளை ஒப்பிட நண்பர்கூடத் தேவையில்லை. ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் எது எதுவென்று காட்டாமல் ஒப்பிட வைக்கும் ஏபிஎக்ஸ் இணைப்பு உண்டு, கணக்கையும் அதுவே போடும்.

காதையே நம்பாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் பாட்டை வெளியே அனுப்பி, சோதிக்கும் ஆர்சிஏ கேபிள் வழியே அதன் இன்புட்டுக்கே திருப்பிப் பதிவு செய்யுங்கள். அடுத்த கேபிளிலும் அப்படியே. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் நேர்கோட்டில் வைத்து, அளவைச் சமப்படுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். மிஞ்சுவதுதான் இரண்டு கேபிளுக்கும் உள்ள வித்தியாசம். அதை வால்யூம் ஏற்றாமல் கேட்டுப் பாருங்கள்.

இப்படி யாராவது பெரிய அளவில் சோதித்திருக்கிறார்களா?

2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட சோதனை பிரபலம். உயர்தர டிஸ்க்குகளின் ஒலியை நேராகவும், சாதாரண சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாகச் செலுத்தியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி, அதாவது 49.8 சதவீதம். நாணயம் சுண்டினாலும் அதுதான் வந்திருக்கும்.

அதே 2007-இல் 'பேர் கேபிள்' என்ற நிறுவனத்தின் 12 அடி ஆன்ஜூ ஸ்பீக்கர் கேபிளை, விலை 7,250 டாலர், சாதாரணக் கேபிளிலிருந்து கண் கட்டிப் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்றார், புரட்டுகளை அம்பலப்படுத்திய மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. மைக்கேல் ஃப்ரீமர் என்ற ஆடியோ விமர்சகர் தயார் என்றார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது. சோதனை நடக்கவே இல்லை, ஆகவே அதை யாருக்கும் வெற்றியாகக் கணக்கு வைக்க வேண்டாம்.

திட்டமிடாமலே நடந்த சோதனைதான் எல்லாவற்றிலும் பெரிது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் முழு அனலாக் என்று வாங்குபவர்கள் நம்பிய எல்பி ரெக்கார்டுகளுக்கு 2011 முதலே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் பதிவை நடுவில் பயன்படுத்தி வந்தது 2022 ஜூலையில் வெளியே வந்தது. டிஜிட்டல் என்றால் காதிலேயே உறைக்கும் என்றவர்கள் அத்தனை வருடமும் அந்த ரெக்கார்டுகளைக் கொண்டாடியிருந்தார்கள். பிறகு வழக்கு வந்தது.

சோதனைப் பதற்றத்தில் காது மந்தமாகிவிடும் என்பது நியாயமான வாதமா?

பாதி நியாயம். அதனால்தான் வீட்டில், உங்கள் செட்டில், உங்கள் பாட்டில், நாலு நாள் எடுத்துக்கொண்டு செய்யுங்கள் என்கிறோம். மற்றபடி அதே பதற்றத்தில் அதே ஆட்கள் 1 டெசிபல் மாற்றத்தையும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் தவறாமல் பிடிக்கிறார்கள். மந்தம் கேபிளுக்கு மட்டும் வருவது விநோதம்.

கேபிள் உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள் எவை?

எல்பி பிளேயரில் எம்எம் (நகரும் காந்த) வகைக் காட்ரிட்ஜ், அதாவது ஊசி அமைப்பு, இருந்தால் கேபிளின் கப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) காதுக்குத் தெரியும். காட்ரிட்ஜ் தாளில் 100-200 பிக்கோஃபாரட் என்ற மாதிரி ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். ஊசியைத் தாங்கும் கையின் உள் ஒயர், கேபிள், ஆம்ப்பின் ஃபோனோ இன்புட் மூன்றும் சேர்ந்து அதற்குள் வர வேண்டும். சாதாரணக் கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட். நீளமான கேபிள் போட்டால் உயர் சுருதியில் ஒரு மேடு எழுந்து, அதற்கு மேலே சட்டென்று சரியும். இங்கே குட்டையான, கப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிள் தேடுவது வீண் செலவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரிலும் இதே கதை. மின்சாரமில்லாத பேசிவ் வால்யூம் பெட்டி வைத்திருப்பவர்களும் கேபிளைக் குட்டையாக வைப்பது நல்லது.

சப்வூஃபருக்கு 8-10 மீட்டர் ஆர்சிஏ இழுப்பதானால் நல்ல ஷீல்டு உள்ள கோஆக்ஸ் வகையை எடுங்கள். மேடை, ஸ்டுடியோ மைக் ஒயர்களுக்கு மூன்று பின் உள்ள பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர்தான். அங்கே அது இரைச்சலைக் கண்கூடாகக் குறைக்கும்.

அந்தக் காசை வேறு எதில் போடலாம்?

அறையில். நம் வீடுகள் சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, வெறும் ஜன்னல். நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிங்' என்று ஒரு வால் ஒலி தொடர்ந்தால் எந்தக் கேபிளும் அதைத் தொடப் போவதில்லை.

அறையின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நின்றலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்று அதிரும் ஒலியலை) உண்டு. 343-ஐ மீட்டரில் அளந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அதன் அதிர்வெண். 12 அடிக்கு சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு சுமார் 56. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கூரையும் பத்தடி என்றால் இரண்டு அலைகள் 56-லேயே வந்து விழும், அங்கே பேஸ் 'பூம்' என்று வீங்கும். இந்த வீக்கம் 10 டெசிபலுக்கு மேலும் போகும். கேபிளில் நாம் பேசிக்கொண்டிருந்தது 0.1 டெசிபல்.

முதலில் காசில்லாத வேலை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளினால் 143 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும், தூரத்தை மாற்ற மாற்ற அந்தப் பள்ளம் நகரும். கேட்கும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், சரிபாதி நடுவிலும் போடாதீர்கள். ட்வீட்டர், அதாவது உயர் சுருதி தரும் சின்ன ஸ்பீக்கர், காது உயரத்தில் இருக்கட்டும். பிறகு தரைக்கு ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த கனமான திரை, பக்கச் சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில் துணி சுற்றிய 50 மில்லிமீட்டர் ராக்வுல் பலகை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நண்பர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்த வேண்டும், நாற்காலியிலிருந்து எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பலகை. ராக்வுல்லைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் போடுங்கள், அரிக்கும்.

அதற்குப் பிறகும் காசு இருந்தால் யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று. அறையின் ஒலியை அளக்கும் ரூம் இக்யூ விஸார்ட் மென்பொருள் இலவசம். அது போட்டுக் காட்டும் கோட்டைப் பார்த்தபின் பவர் கார்டு விளம்பரம் படிக்கும் ஆசை தானாகக் குறையும்.

பொய் விளம்பரத்தை எங்கே புகார் செய்வது?

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'இசை உயிர் பெறும்' என்பதைப் பிடிக்க முடியாது, அது வெறும் புகழ்ச்சி. 'இரைச்சலை 20 டெசிபல் குறைக்கும்' என்று எண்ணோடு எழுதியிருந்தால் பிடிக்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், விற்பவரிடம் அளவீடு கேட்டு அனுப்பிய மெயில் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். என்ன செய்ய?

திருப்பித் தரும் கெடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதற்குள் மேலே சொன்ன 16 சுற்றுச் சோதனையை முடியுங்கள். கெடு போய்விட்டால், தடிமன் சரியாக உள்ள கேபிளை அப்படியே பயன்படுத்தலாம், கெடுதல் செய்யாது. கண்ணாடித்தாள் போல மிக மெல்லிய பட்டைக் கேபிள் மட்டும் விதிவிலக்கு. சில வடிவங்களில் கப்பாசிட்டன்ஸ் மிக அதிகம், சில ஆம்ப்கள் அதைத் தாங்காமல் அலைபாய்ந்து சூடேறும். ஆம்ப் வழக்கத்தைவிடச் சுட்டால் உடனே கழற்றுங்கள்.

ஃபியூஸ் வாங்கியிருந்தால் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பல 'ஆடியோ' ஃபியூஸ்களில் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்காது, குறித்த ஆம்பியரில் எரியும் என்ற உறுதியும் இல்லை. ஆம்ப்பின் பின்புறம் ஃபியூஸ் ஹோல்டருக்குப் பக்கத்தில் 'டி3.15ஏ 250வி' என்ற மாதிரி அச்சிட்டிருக்கும். டி என்றால் மெதுவாக எரியும் வகை, எஃப் என்றால் வேகமாக எரியும் வகை. அதே எழுத்து, அதே ஆம்பியர், அதே வோல்ட் உள்ள கண்ணாடி அல்லது பீங்கான் ஃபியூஸை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு மாற்றுங்கள். பழையது பீங்கான் என்றால் புதியதும் பீங்கானாகவே இருக்கட்டும்.